ஆள் இல்லாமல் வந்த கரிப்படகு

உன் ஆட்களில் பாதிப் பேரை நீயே பொறுக்கிக் கொடு என்று என்னிடம் கேட்டார்கள். சயாமில் ரயில் பாதை போடுவதற்கு. கேட்டவர் ஜப்பான் ராணுவ அதிகாரி. அதைத் தமிழில் எனக்குச் சொன்னவர், என் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இந்தச் சபையில் என்னோடு சேர்ந்து முழங்கால் போடுகிற உங்களுக்கு நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டும் என்று வெகு நாளாக எனக்கு ஒரு பாரம்.

அது நாற்பத்து மூன்றாம் வருஷம். மலாய் நாட்டில் லிங்கி ஆறு கடலில் சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில், நான் உப்பு காய்ச்சும் கொட்டகை நடத்திக்கொண்டிருந்தேன். என் தகப்பனார் தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்த்தவர். நான் இங்கே வந்து தோட்டத்தில் மளிகைக் கடை வைத்தவன். சண்டை வந்தது, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார், ரப்பர் பால்வெட்டு நின்றுபோனது. லயத்து வீடுகளில் இருந்த தோட்ட ஜனங்களுக்கு வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. அதற்குப் போட உப்பும் இல்லை, கப்பல் வந்தால்தானே உப்பு. கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, நாமே காய்ச்சினால் என்ன என்று தோன்றியது. பழைய எண்ணெய் டிரம்களை இரண்டாகப் பிளந்து அடுப்புமேல் வரிசையாக வைத்தோம். கடல் தண்ணீர் மேலேறி வரும்போது மொண்டு ஊற்றி, ஆற்றோரச் சதுப்பில் வளருகிற காண்டாமர விறகு போட்டுக் காய்ச்சினோம்.

லயத்தில் வேலையற்று இருந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டேன். பெரும்பாலும் இந்துக்கள், சில முஸ்லிம் குடும்பங்கள், நம் கிறிஸ்தவ ஜனம் கொஞ்சம். காலையில் அடுப்பு மூட்டுமுன் நான் ஜெபிப்பேன். யாரையும் கட்டாயப்படுத்தியது இல்லை. ஆனாலும் தோட்டத்தில் ஆட்களை மேய்த்த மண்டோர் வேலு, நெற்றி நிறைய விபூதியோடு, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். உப்பில் மணல் கலப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரிவதில்லை. எல்லாரும் ஒரே பானையில் சாப்பிட்டோம், நானும்தான். தொழில் என்று ஆண்டவர் கையில் கொடுத்தால், அது அவர் பார்வையில் நடக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அந்த அதிகாரி வந்தார். ஆட்களைக் கொடுத்துவிட்டால் உப்பு காய்ச்ச முடியாது, உங்கள் பட்டாளத்துக்கும் உப்பு வேண்டாமா என்று துணிந்து கேட்டேன். அவர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு ஒரு கணக்குச் சொன்னார். அடுத்த வாரம் லாரி வரும். அதற்குள் ஐம்பது மூட்டை உப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் லாரியில் ஆம்பளைகள் எல்லாரும் ஏற வேண்டும், நானும் சேர்த்து.

ஐம்பது மூட்டை என்பது நல்ல வெயில் காலத்திலேயே பெரிய வேலை. அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. விடவேயில்லை. ஆற்றில் மழைத்தண்ணீர் சேரச் சேர உப்புத்தண்ணீர் நீர்த்துப்போய், டிரம் டிரம்மாகக் காய்ச்சினாலும் அடியில் கைப்பிடிதான் மிஞ்சியது. விறகெல்லாம் ஊறிப்போய்ப் புகைந்தது. அடுப்பை ஊதி ஊதிப் பெண்களின் கண் வீங்கிவிட்டது. மூன்றாம் நாள் அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

வேலுவின் தம்பியை லாபு ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஏற்கெனவே அந்த ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு தகவலும் இல்லை. வேலு அணைந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்து சாம்பலைக் கிளறிக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்துவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் மழையிலேயே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, மழையை நிறுத்தும். இல்லாவிட்டால் காய்ந்த விறகைத் தாரும்." இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். மழை நிற்கவில்லை. இன்னும் பலத்தது.

மறுநாள் விடிந்ததும் என் மனைவி அன்னம்மாள் ஆற்றோரத்திலிருந்து என்னைக் கூப்பிட்டாள். அவள் குரலே வேறு மாதிரி இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆறு கரை தெரியாமல் பெருகி ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் தண்ணீர் மொள்ளுகிற துறையில், யாரோ கொண்டுவந்து கட்டியதுபோல, ஒரு பெரிய தொங்காங் படகு சேற்றில் தட்டி நின்றது. படகில் ஆள் இல்லை. அறுந்த கயிறு ஒன்று முன்னால் தொங்கியது. மேலே அத்தாப்பு ஓலைக் கூரை. வேலு ஏறிக் கூரையை விலக்கினார். உள்ளே விளிம்புவரை அடுப்புக்கரி. காய்ந்த கரி. கையில் எடுத்துத் தட்டினால் கணீரென்றது.

விறகு கேட்டேன், கரி வந்திருக்கிறது. எந்த மழையை நிறுத்தும் என்று அழுதேனோ அந்த மழைதான் அதைக் கொண்டுவந்திருக்கிறது. சிலர் அழுதார்கள். வேலு சூடம் கொளுத்தப் போனார்.

கூடைகளை எடுத்துக்கொண்டு எல்லாரும் இறங்கினார்கள். அப்போதுதான் அந்த அறுந்த கயிறு மறுபடி என் கண்ணில் பட்டது. கட்டினவன் ஒருவன் இருக்கிறான் அல்லவா? நான் நிற்கச் சொன்னேன்.

அன்னம்மாளுக்கே கோபம் வந்துவிட்டது. "நீங்க கேட்டதைத்தானே கொடுத்திருக்கார். இன்னும் யாரைப் போய்க் கேக்கணும்?"

"ஆண்டவர் கொடுக்கிறவர்தான் அன்னம்மா. ஆனா அடுத்தவன் வீட்டுக் கதவை உடைச்சு எடுத்துக் கொடுக்கிறவர் இல்லை."

வேலு நெருங்கி வந்தார். அவர் என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை, அன்றும் உயர்த்தவில்லை. "மொதலாளி, இது உங்க ஒருத்தர் உசுரு இல்ல. எங்க எல்லாருதும்."

அது நியாயமான பேச்சு. மத்தியானத்துக்குள் திரும்பிவிடுகிறேன், அதுவரைக்கும் பொறுங்கள், சொந்தக்காரன் கிடைக்காவிட்டால் கரியைத் தொடலாம், பிறகு அவனைத் தேடிக் கொடுத்துவிடலாம் என்றேன். ஆற்றின் மேல் வளைவில், காண்டாமரக் காட்டுக்குள், ஒரு சீனர் கரிச்சூளை வைத்திருப்பதாக நான் கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் சின்னப் படகை, சம்பானை, எடுத்தேன். வேலு முணுமுணுத்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் என்னைத் தனியாக விடவில்லை. துடுப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

ஆற்று நடுவில் ஏற முடியாது, அடித்துக்கொண்டு போய்விடும். தோட்டத்துக்குள் தண்ணீர் புகுந்திருந்ததால், பால் மரங்களுக்கு நடுவிலேயே சம்பானைச் செலுத்தினோம். ஒரு மரத்தைப் பிடித்து இழுத்து, அடுத்த மரத்துக்குப் போய், அதைப் பிடித்து இழுத்து. மரத்தில் பால் பிடிக்கிற மங்குகள் கூட்டம் கூட்டமாக மிதந்து எங்களைத் தாண்டிப் போயின. வேலு இருபது வருஷம் பால் வெட்டிய மர வரிசை அது. அந்த மரங்களைப் பிடித்துக்கொண்டு ஆற்றில் ஏறுவோம் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

வளைவில் திரும்பினோம். சூளை கண்ணில் பட்டது. கவிழ்த்த சட்டிபோலச் செங்கல்லில் கட்டிய பெரிய சூளை. குடிசை முழுகிவிட்டது. சூளையின் உச்சியில் ஒரு சீனர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் தண்ணீர்.

அவர்கள் கத்தக்கூட இல்லை. கத்திக் கத்தித் தொண்டை போயிருந்தது.

முதலில் தாயையும் பிள்ளைகளையும் ஏற்றினோம். சம்பான் அதற்கு மேல் தாங்காது. மேட்டில் அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தபோது, சூடும் ஈரமும் சேர்ந்து சூளையின் ஒரு பக்கம் உள்ளே உட்கார்ந்துவிட்டிருந்தது. அந்த மனிதர் மார்பளவு தண்ணீரில் ஒரு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலு எட்டி அவர் சட்டைக் கழுத்தைப் பற்றினார். நான் இடுப்பைப் பிடித்தேன். எப்படியோ உள்ளே இழுத்துப் போட்டோம். போட்ட பிறகு வேலுவைப் பார்த்தேன். "மொதலாளி, நாம வராம இருந்திருந்தா..." என்றார்.

நான் விறகு கேட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் இவர்கள் படகு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். தங்களைத் தப்புவிக்க இருந்த ஒரே படகு அறுத்துக்கொண்டு போனபோது, எல்லாம் முடிந்தது என்று நினைத்திருக்கிறார்கள். அந்தப் படகுதான் எங்களை அவர்களிடம் அழைத்து வந்தது.

அவர் பெயர் லிம். குடும்பத்தோடு கொட்டகைக்கு வந்ததும் தொங்காங்கைப் பார்த்தார். கூரையை விலக்கிப் பார்த்தார். ஒரு கூடை கரிகூடக் குறையவில்லை. அணைந்த அடுப்புகளையும் எங்கள் முகங்களையும் பார்த்துவிட்டு, ஏன் எரிக்கவில்லை என்று மலாயில் கேட்டார். உங்களுடையது ஆச்சே என்றேன். பிறகு தானே ஒரு கூடையை எடுத்துக்கொண்டு படகில் இறங்கினார்.

அடுப்புகளைக் கலைத்து, கரி நின்று எரிகிற மாதிரி காற்று வழி விட்டுத் திருப்பிக் கட்டிக்கொடுத்தார். புகையே இல்லை. ஆற்றுத் தண்ணீர் நீர்த்துப்போனதால் கடலோரத்துக்கே போய் உப்புத்தண்ணீர் சுமந்து வந்தோம். மழைக்குள் அந்த அடுப்புகள் வரிசையாகச் சிவந்து கிடந்தன. வந்த ஞாயிறு மட்டும் நான் நெருப்பை அணைக்கவில்லை. குழியில் விழுந்த மாட்டை ஓய்வுநாள் என்று விட்டுவிடுவோமா என்று ஆண்டவரே கேட்டிருக்கிறாரே. ஜெபித்துவிட்டு எல்லாரோடும் சேர்ந்து நானும் தண்ணீர் சுமந்தேன்.

லாரி வந்த காலையில் இரண்டு மூட்டை குறைந்தது. இருந்த தண்ணீர் டிரம்களில் கொதித்துக்கொண்டிருந்தது, ஆனால் இனி எதற்கும் நேரம் இல்லை. அதிகாரி இறங்கி மூட்டைகளை எண்ணச் சொன்னார். குறைகிறது என்று தெரிந்ததும் லாரியைக் கை காட்டினார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கேவல் எழுந்தது. நான் கண்ணை மூடி, "உமக்குத் தெரியும் ஆண்டவரே" என்று மட்டும் சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது லிம் கொட்டகைக்குள்ளிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார். அவர் எப்படிப்பட்ட நிலைமையில் இருந்தவர் என்பதை நீங்கள் அறிய வேண்டும். ஜப்பான்காரன் கண்ணில் சீனர்கள் பட்டால் உயிர் தப்பாது என்று அன்றைக்கு எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பயந்துதான் அவர் குடும்பத்தோடு காண்டாமரக் காட்டுக்குள் ஒளிந்து வாழ்ந்தார். ஒளிந்துகொள் என்று நானே அன்று காலை சொல்லியிருந்தேன். அந்த மனிதர் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்று, குனிந்து வணங்கி, மலாயில் சொன்னார்.

"துவான், உங்கள் லாரி கரியில் ஓடுகிற லாரி. என்னிடம் கரி இருக்கிறது. அந்த இரண்டு மூட்டைக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்."

பெட்ரோல் கிடைக்காத காலம். லாரிக்குப் பின்னால் கரி அடுப்பு வைத்துத்தான் ஓட்டினார்கள். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் அதை ஜப்பானிய மொழியில் சொன்னார். அதிகாரி லிம்மை மேலும் கீழும் பார்த்தார். துறைக்குப் போய்த் தொங்காங்கைப் பார்த்தார். திரும்பி வந்து ஒரு மூட்டையைப் பிரிக்கச் சொல்லி, உப்பை நாக்கில் வைத்துப் பார்த்தார். மணல் இல்லாத உப்பு. அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. உப்பும் கரியும் பட்டாளத்துக்கு வேண்டும், இந்த இடத்து ஆட்களை யாரும் தொடக் கூடாது என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுப் போனார். லிம்முக்கும் சேர்த்து.

மனுஷரை ஏற்ற வந்த லாரி உப்பை ஏற்றிக்கொண்டு போயிற்று. அது கண்ணுக்கு மறைகிறவரை நாங்கள் அசையவில்லை. அப்புறம் வேலு சேற்றிலேயே முழங்கால் போட்டார். நான் சொல்லிக்கொடுத்ததில்லை. அவரைப் பார்த்து ஒவ்வொருவராக எல்லாரும் போட்டார்கள்.

சண்டை முடியும்வரை எங்கள் கொட்டகையிலிருந்து ஒருவரும் சயாமுக்குப் போகவில்லை. சுற்றுப்பக்கத் தோட்டங்களிலிருந்து போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. வேலுவின் தம்பியும் திரும்பவில்லை. அவர்களுக்காகவும் ஜெபித்தவர்கள் உண்டே என்று வேலு ஒருநாள் கேட்டார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அவரோடு சேர்ந்து அழுதேன். எங்களுக்குச் செய்த தயவைச் சாட்சி சொல்கிறேனே தவிர, ஆண்டவருடைய எல்லா வழியும் எனக்குப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று என்னை மாற்றிவிட்டது. அதற்கு முன் நான் நேர்மையை ஒரு கட்டளை என்று நினைத்துக் கடைப்பிடித்தேன். கஷ்டப்பட்டுத்தான் கடைப்பிடித்தேன். இப்போது ஒரு காரியம் சரியா என்று யோசிக்கும்போது, அந்தச் சூளை உச்சியில் உட்கார்ந்திருந்த நாலு பேர்தான் கண்ணுக்கு முன் வருகிறார்கள். இன்றும் லிம்மும் நானும் சேர்ந்துதான் தொழில் செய்கிறோம். எங்கள் பேச்சில் பாதி மலாய், கால்வாசி தமிழ், மீதி கைஜாடை.

கடை வைத்திருக்கிறவர்களே, பத்துப் பேருக்கு வேலை கொடுக்கிறவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். நெருக்கத்தில் ஜெபியுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டது வாசலில் வந்து நின்றாலும், இது யாருடையது என்று ஒருமுறை போய் விசாரியுங்கள். அந்த வழியில் உங்களுக்காக யார் காத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அனுப்புகிறவருக்குத் தெரியும்.