இஸ்திரிப் பெட்டிக்குள் மஞ்சள் வைரம்

என் மனைவியின் இடது கண் முழுதாகப் போய்விட்டது. வலது கண்ணிலும் புகை படர்ந்துகொண்டிருந்தது. மெட்ராஸுக்குப் போய் அறுவை செய்தால் அதையாவது காப்பாற்றலாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். கண்டி மாநகரசபையில் கிளாக்கராக இருந்த எனக்கு மெட்ராஸ் ரேடியோவில் மட்டும் எட்டுகிற ஊர். ஆனால் எங்களிடம் ஒரு மஞ்சள் வைரம் இருந்தது.

ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தோட்டத்தில் மாமனார் கணக்கப்பிள்ளை. ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை, விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்து, "யெல்லோ டைமன்" என்றாராம். துரை சொன்னால் விடிந்த பொழுதும் இருட்டு என்று ஒத்துக்கொள்கிற தோட்டம் அது. கல்லை யார் சந்தேகப்படுவது?

நான் நூல்நிலையத்தில் படித்துவிட்டும் வந்தேன். ஆயிரமாயிரம் வைரங்களில் ஏதோ ஒன்றுதான் நிறத்தோடு பிறக்குமாம். அந்த ஒன்று எங்கள் அலுமாரியில், பழைய சாரிகளுக்கு அடியில் கிடந்தது.

கெலிஓயாவில் இரத்தினக் கல் வியாபாரம் செய்யும் முஸ்லிம் நானா ஒருவரிடம் பேசினேன். "நெறக் கல்ல காலை வெளிச்சத்துலதான் பாப்பேன். நாளைக்கு வாங்க" என்றார்.

அந்த ஒரு நாள்தான் என்னைக் கெடுத்தது. பஸ்ஸில் பிக்பாக்கெட் அடிப்பானோ? நானா கல்லை மாற்றிவிடுவாரோ? நிம்மதியாகப் பயப்படவும் தெரியாத ஆள் நான். கடைசியாக வந்த பயம் எல்லாவற்றையும் தின்றது: வைரமே இல்லை என்று சொல்லிவிட்டால்?

நகை செய்யும் பத்தர் ஒருவர், கல்லைக் கழற்றாமலே வைரத் தோட்டை நெருப்பூதிப் பற்றவைத்ததை முன்பு பார்த்திருக்கிறேன். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக, வைரம் நெருப்புக்கு அசையாது. இந்த ஞானத்தோடு, மனைவி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, மோதிரத்திலிருந்து கல்லை நெம்பி எடுத்தேன். இஸ்திரிப் பெட்டியில் சிரட்டைக் கரியைக் கனலவிட்டு, கல்லை நடுவில் வைத்து மூடி, முற்றத்தில் நின்று வீசு வீசு என்று வீசினேன். சட்டை தேய்க்கத்தான் இந்த வீச்சு என்று பக்கத்து வீட்டுக்காரர் நினைத்திருப்பார். நான் பெண்டாட்டியின் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறியதும் சாம்பலைக் கிளறினேன். கல் உடையவில்லை. பளபளவென்று மின்னியது. மஞ்சள் மட்டும் இல்லை.

மறுநாள் நானா அதை ஜன்னலருகே பிடித்துப் பார்த்தார்.

"யாரு இத நெருப்புல போட்டது?"

"இஸ்திரிப் பெட்டியில, நானா."

சிரிக்காமலிருக்க அவர் பட்ட பாட்டுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். "இது மாத்தறை வைரம் கிளாக்கர் ஐயா. பேருதான் வைரம். நம்ம தெற்குச் சீமைக் கல்லு, சூடு காட்டினா நெறம் போய் வெள்ளையாயிரும். நம்ம நாட்டு மண்ணுல வைரம் ஏது?"

"சுடாம கொண்டாந்திருந்தா?"

"அப்பயும் வைரமில்ல. மஞ்சளா இருந்திருக்கும்."

டீ வரவழைத்தார். அத்தனை வருட வியாபாரத்தில் நிற வைரம் ஒரே ஒன்றுதான் பார்த்தாராம். கொழும்பில், அரிசிக் குருணை அளவில், ரோஸ் நிறத்தில். தொடக்கூட விடவில்லையாம்.

"அதுக்கு ஏன் அவ்வளவு மவுசு?"

"சுத்தமான வைரம் வெள்ளை. வேறென்னமோ கலந்தா மஞ்சள், நீலம். ரோஸ் வாறது பூமிக்குள்ள கிடந்து நெரிபட்டு. கொறைக்குத்தான் ஐயா காசு."

"அப்படின்னா என்னைய எடுத்துக்கங்க நானா. குறைக்கும் பஞ்சமில்ல, நெரிபட்டதுக்கும் பஞ்சமில்ல."

இப்போது சிரித்தார். டீக்குக் காசு வாங்கவில்லை. அந்தக் கல்லின் மொத்த வருமானம் அந்த டீதான்.

கல்லை மறுபடி மோதிரத்தில் பதித்துத் தந்தார். வீட்டுக்கு வந்ததும் மனைவி அதை வாங்கி, வலது கண்ணருகே பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா மின்னுதுங்க. நெறந்தான் தெரிய மாட்டேங்குது. என் கண்ணு அவ்வளவுக்கு வந்துருச்சா?"

"ஆமா, கண்ணுதான்" என்றேன்.

"நானா என்ன சொன்னாரு?"

"இப்ப விலை இறங்கியிருக்காம். ஏறட்டும்னாரு."

என் உள்ளங்கையைத் தடவித் தேடி, மோதிரத்தை அதில் வைத்தாள்.

"சீக்கிரமா ஏறச் சொல்லுங்க."