யானையின் பலம் ஏழு

இன்று காலை பாடம் எடுக்கப் பள்ளிக்குப் போனதும் கம்ப்யூட்டரைத் திறந்து, நான் எழுதிய போர் விளையாட்டில் யானையின் பலத்தைப் பத்திலிருந்து ஏழாகக் குறைத்தேன்.

என்னோடு வேலை பார்க்கும் ரோசலி டீச்சர் யானைகளை மட்டுமே எடுத்து தினமும் ஜெயிப்பார். காலாட்படையை எடுத்த மற்ற டீச்சர்கள் வெறுத்துப்போய் ஆட வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

மதியம், குறைத்ததைச் சொல்லாமலே ரோசலியோடு ஆட உட்கார்ந்தேன்; இருவரும் மாறி மாறி நகர்த்தினோம். என் காலாட்கள் திரையில் நான் வரைந்திருந்த முல்லையாற்றைத் தாண்டி அவருடைய யானைகளை முடித்துவிட்டார்கள்.

"ஏன் டீச்சர், ஒங்க ஆளுக என்னத்தத் தின்னுட்டு வந்தாக?" என்று ரோசலி சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "எனக்குத்தான் மூளை மழுங்கிப்போச்சு. இனிமே நான் ஆடல, நீங்களே ஆடுங்க."

உண்மையைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

பலத்தைக் குறைத்தது யானையை மட்டும் தொடும் என்று நினைத்தேன், ரோசலியைத் தொட்டுவிட்டது.

நாளை யானைக்குப் பத்தையே திருப்பித் தருவேன். அடுத்தடுத்து நிற்கும் மூன்று காலாட்கள் சேர்ந்து அடிக்கலாம் என்று புது விதி வைத்து, ஆட்டத்துக்கு முன்பே அவரிடம் சொல்வேன். அதற்குள் நீங்கள் முந்திக்கொண்டு அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.