ஹாஜியார் அமத்திய பொத்தான்

திமிங்கிலம் பார்க்க ஆட்களைக் கூட்டிப்போகும் போட்டில் நின்று படம் எடுப்பது ஸல்ஹாவின் வேலை. கடல் அவளுக்கு ஒத்துவராது. விளிம்பில் குனிந்து சத்தி எடுப்பாள், வாயைத் துடைப்பாள், திரும்பவும் கமராவைத் தூக்குவாள். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸேறி வந்து இப்படித்தான் பிழைத்தாள். கொம்பனியின் இணையத்தளத்தில் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் 'படம்: ஸல்ஹா' என்று கிடக்கும். அது ஒன்றுதான் அவளுக்குப் பெருமை.

அதற்குத்தான் முதலாளி கலீலுர் றஹ்மான் ஹாஜியார் வேட்டு வைத்தார். அவருடைய மருமகன் பஹ்மி ஒரு நாளாவது போட்டில் கால் வைத்தவனா? கேளுங்கள்! தளத்தைப் புதுப்பிக்கிறேன் என்று சொல்லி, ஒஃபிஸ் லெப்டொப்பில் இருந்த அதன் நகலில் அவள் பேரை அழித்துவிட்டு, எல்லாப் படத்துக்கும் 'படம்: பஹ்மி' என்று அடித்து வைத்திருந்தான்.

"பேரில என்ன புள்ள கிடக்கு? எல்லாம் நம்மட குடும்பம்தானே" என்றார் ஹாஜியார்.

குடும்பமாம் குடும்பம்! பெருநாளுக்கு ஒரு துண்டு வட்டிலப்பம் கொடுத்தனுப்பாத குடும்பம். இருங்க, உங்களுக்கு வைக்கிறன் என்று ஸல்ஹா மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

அந்த நகலை இணையத்துக்கு அனுப்ப ஒரு மென்பொருள் பார்த்துப் போடும்படி அவளிடமே சொன்னார்கள். லெப்டொப்பின் திரையோ கொப்பி மட்டை அளவு. முதலாவது மென்பொருளில் மேலே இருந்த பட்டைகளே பாதித் திரையைத் தின்றுவிட்டன. இரண்டாவதில் அமத்தவேண்டிய பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. மூன்றாவது ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும், பெரிய எழுத்தில் காட்டியது. கோப்பு எங்கிருந்து எங்கே போகிறதென்று பார்க்கிறவருக்கு விளங்காது. ஸல்ஹா அதைத்தான் தெரிந்தெடுத்தாள். மொழியைத் தமிழுக்கு மாற்றியும் வைத்தாள்.

ஹாஜியார் முந்தித் துறைமுகத்தில் கப்பல் சாமான் இறக்கிய கொந்தராத்துக்காரர். எது எங்கே போய்ச் சேரவேண்டுமென்றாலும் அவர் வாயில் ஒரே சொல்தான்: இறக்கு. இணையத்துக்கு அனுப்புவதை ஏற்றுவது என்றும், அங்கிருந்து எடுப்பதைத்தான் இறக்குவது என்றும் அவருக்கு யார் சொன்னது? ஸல்ஹா சொல்லவில்லை.

"நாளைக்குக் கொழும்பு டூர் ஏஜென்ட்மார் வாறாங்க. எல்லாத்தையும் இறக்கு புள்ள."

"இறக்கவா, ஏத்தவா ஹாஜியார்?"

"என்ன கதை இது? ஹாபரிலேயே கிடந்த எனக்குப் படிப்பிக்கிறியா?"

"அப்ப நீங்களே அமத்துங்க" என்று லெப்டொப்பைத் திருப்பினாள்.

திரையில் 'பதிவேற்று', 'பதிவிறக்கு' என்று இரண்டு பொத்தான்கள். ஹாஜியார் யோசிக்காமல் இரண்டாவதை அமத்தினார். பழையதை அழித்து மேலே எழுதவா என்று அது கேட்டது. பழசு நமக்கெதற்கு என்று 'ஓம்' கொடுத்தார். இணையத்திலிருந்த பழைய பக்கங்கள் இறங்கி வந்து, பஹ்மி மாற்றி வைத்ததெல்லாவற்றையும் அழித்துவிட்டு அந்த இடத்தில் குந்திக்கொண்டன. இணையத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

மறுநாள் ஏஜென்ட்மாருக்கு முன்னால் பெரிய டீவியில் தளத்தைத் திறந்தார்கள். வந்திருந்த ஓர் அம்மா படம் படமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"அருமையான படங்கள். ஆர் இந்த ஸல்ஹா?"

ஹாஜியார் பஹ்மியைப் பார்த்தார். பஹ்மி ஃபோனைப் பார்த்தான். தேத்தண்ணி கொண்டுவந்த ஸல்ஹா தட்டத்தை மேசையில் வைத்தாள்.

"நான்தான்" என்றாள். பிறகு முதலாளி பக்கம் திரும்பினாள். "நீங்க சொன்ன மாதிரியே இறக்கியாச்சு, ஹாஜியார்."