எட்டாவது மாற்றுருவில் காற்று இல்லை

பக்கத்து வீட்டுக்காரர் வாயில் நாணற்பட்டையை வைத்துக்கொண்டே கதவைத் திறப்பார். கிளாரினெட்டின் முனையில் பொருத்தும் அந்த மெல்லிய பட்டை எச்சிலில் ஊறினால்தான் ஒலி கனியும். ஆகையால், என்ன கேட்டாலும் தலையசைப்பே விடை. உள்ளிருந்து அவருடைய மனைவி குரல் கொடுப்பார்: "வாங்கக்கா. இன்னும் அரைமணி நேரத்துக்கு நான்தான் அவருக்கு வாய். திட்டணும்னா இப்பவே திட்டிக்கோங்க, பதில் வராது."

கதவு செய்யும் பட்டறையில் தச்சர் அவர். இசையையும் அடிக்கணக்கில்தான் அளப்பார். "இது ரெண்டடி சுரம். ஒன்றரையடி மூச்சு வெச்சு இழுத்தா இளிச்சிடும்" என்பார். மின்தூக்கி தரைத்தளத்திலிருந்து ஐந்தாம் மாடிக்கு வந்து சேரும்வரை ஒரே சுரத்தை அறாமல் ஊதியதை நானே கேட்டிருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் அவருக்கு 'மூச்சுக்காரர்' என்றே பெயர்.

இசைக்கல்லூரியில் கற்பிக்கும் அவருடைய தங்கை, அண்ணனுக்கென்றே ஓர் ஆக்கம் எழுதினாள். சிறியதொரு மெட்டு, அதைத் தொடர்ந்து எட்டு மாற்றுருக்கள். ஒரே முகம் எட்டு வேடம் புனைவதுபோல, அதே மெட்டு ஒவ்வொரு முறையும் வேறொன்றாகி வரும். பக்கவாத்தியம் கிடையாது, ஒரு கிளாரினெட் மட்டுமே. ஒத்திகைக் காலத்தில் மாடிப்படியில் என்னைக் கண்டவர் அலுத்துக்கொண்டார்: "என் தங்கச்சி மனுஷனுக்கு எழுதலம்மா. துருத்திக்கு எழுதியிருக்கா!"

அரங்கேற்றத்தன்று தங்கை என் பக்கத்து இருக்கையில், இசைத்தாள்களை மடியில் விரித்து வைத்திருந்தாள். ஏழாவது மாற்றுரு முடிந்தது. எட்டாவது தொடங்கியது, ஆனால், ஒலி எழவில்லை. விசைகள் மட்டும் அவருடைய விரல்களுக்கடியில் 'டிக் டிக்' என்று விரைந்தன. நவீன இசையில் இதுவும் ஒரு புதுமை போலும் என்றெண்ணித் தங்கையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

"நான் இப்படி எழுதலையே…"

அவள் காட்டிய பக்கத்தில் ஈ மொய்த்ததுபோல் சுரங்கள். ஓரிடத்திலும் ஓய்வுக்குறி இல்லை. மேடையில் அவருடைய உதடுகள் கருவியைக் கவ்வியிருந்தன. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அந்த மனிதருக்கு ஊத மூச்சு வரவில்லை!

மூன்று நிமிடங்கள் கழித்து விரல்கள் நின்றன. அரங்கமே எழுந்து கைதட்டியது. பின்வரிசையில் ஒருவர் வியந்தார்: "காத்தே இல்லாம ஒரு பகுதி! என்ன துணிச்சல்யா அந்தப் பொண்ணுக்கு!"

நானும் தங்கையும் ஒப்பனை அறைக்கு ஓடினோம். அவர் முழங்கால்களில் கையூன்றிக் குனிந்து அமர்ந்திருந்தார்.

"நாலு மாசமா இப்படித்தான்" என்றார் மனைவி. "டாக்டர்கிட்ட போனா ஊதவே கூடாதுன்னுடுவாராம். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

"நீங்களுமா அண்ணி மறைச்சீங்க?"

"இவருக்குப் பொண்டாட்டியா வாழ்ந்து பார்த்தாத்தான் தெரியும்."

நாள்தோறும் சுவருக்கு இப்பால் இருந்து அவருடைய வாசிப்பைக் கேட்பவள் நான். ஒலி குறையக் குறைய, "இப்போதெல்லாம் எவ்வளவு மென்மையாக வாசிக்கிறீர்கள்!" என்று பாராட்டியும் இருக்கிறேன். அவரும் சிரித்தாரே!

அவர் தலை நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார். "ஒரு சுரம்கூட… விடலம்மா. விரலைக் கேளு… சொல்லும்."

தங்கை எட்டாவது மாற்றுருவின் பக்கத்தைப் புரட்டி, அதன் மூலையில் பென்சிலை ஊன்றினாள். "இது வேண்டாண்ணா. ஏழோட முடிச்சுக்கலாம். நான் எழுதினது, நானே அடிச்சிடறேன். நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட போறோம், அவ்வளவுதான்."

கோடு பாதிப் பக்கத்தைக் கடப்பதற்குள் அவர் அவளுடைய மணிக்கட்டைப் பற்றினார். பேச மூச்சு இல்லை. பற்றிய அந்த மணிக்கட்டின் மேலேயே அவருடைய விரல்கள், எட்டாவது மாற்றுருவை முதல் சுரத்திலிருந்து வாசிக்கத் தொடங்கின.