இடைவேளைக்குள் புளித்த பதனி

தூத்துக்குடியில் ஒரு தியேட்டரின் கேன்டீனைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறேன். எங்கள் வாசலில் பைகளைச் சோதித்துத்தான் ஆட்களை உள்ளே விடுவார்கள். முறுக்கு, கடலை, தண்ணீர் பாட்டில் எதுவும் தப்பாது. வயிற்றைச் சோதிக்க மட்டும் ஏற்பாடு இல்லை. பின்சந்தில் இருக்கும் அரசாங்க மதுக்கடையில் நிரப்பிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி இருக்கையைக் கண்டுபிடிக்கிறவர் தாராளமாக உள்ளே வரலாம். ஆபத்தான பொருள் முறுக்குதான்.

தியேட்டர் முதலாளியின் மருமகன் கப்பலில் வேலை பார்ப்பவர். ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் தியேட்டருக்குள்ளேயே பீர் விற்பதைப் பார்த்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்தார். "மாமா, சீட்டுக் கைப்பிடியில வட்டமா ஓட்ட வச்சிருக்கீயளே, அது எதுக்குன்னு நெனைச்சீய? கிளாஸ் வைக்கதுக்குத்தான்" என்றார். முதலாளி அதுவரை அதைக் குப்பை போடும் இடம் என்றே நம்பியிருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஓட்டையும் அவர் கண்ணுக்கு நஷ்டமாகத் தெரிய ஆரம்பித்தது.

என்னைக் கூப்பிட்டார். "பீர் விக்க லைசென்ஸ் கெடைக்குமான்னு ஆபீசுல கேட்டுட்டு வாரும். ஒம்ம குத்தகையும் இந்த மாசத்தோட முடியுதுல்லா. ரெண்டையும் சேத்துப் பேசுவோம்."

அதாவது, நல்ல சேதியோடு வந்தால் கேன்டீன் எனக்கு. இல்லையென்றால் அவருடைய மைத்துனன் ரொம்ப நாளாகவே பாப்கார்ன் மிஷினை ஆசையாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆபீஸ் பலகையில் மதுவிலக்கு, ஆயத்தீர்வை என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். குடிக்காதே என்பவர்களும் அவர்கள்தான், குடித்தால் வரி வாங்குகிறவர்களும் அவர்கள்தான். வாசல் ஒன்றே ஒன்று இருந்தது, நல்லவேளை. இரண்டாக இருந்திருந்தால் எதில் நுழைவது என்று தெரியாமல் திரும்பி வந்திருப்பேன்.

உள்ளே இருந்த அதிகாரி நிதானமானவர். "கிளப்புக்கு உண்டு. ஸ்டார் ஓட்டலுக்கு உண்டு. சினிமா தியேட்டருக்குக் கெடையாது" என்றார்.

"பீர் மட்டும்தான் சார்."

"ஒரு சொட்டு கெடையாது. குடிச்சவன உள்ள விடவே கூடாது, தெரியுமா?"

"அப்ப ராத்திரி ஆட்டத்த யாருக்கு சார் ஓட்டுறது?"

அவர் சிரிக்கவில்லை. எந்தத் தியேட்டர் என்று கேட்டார். சொன்னேன். பெயரைக் கேட்டார். சொன்னேன். கேட்காத போன் நம்பரையும், வீட்டு விலாசத்தையும், அதற்குப் பக்கத்து அடையாளத்தையும் சேர்த்துச் சொன்னேன். பயம் வந்துவிட்டால் என் வாய் என் பேச்சைக் கேட்காது.

"இனிமே அந்தத் தியேட்டர்ல வாட அடிச்சா, மொதல்ல ஒம்மகிட்டத்தான் வருவேன்" என்றார்.

பீர் இல்லை என்றதும் முதலாளியின் முகம் சுருங்கியது. மைத்துனன் முகம் மலர்ந்தது. ஏதாவது புதுமை செய்து காட்டினால்தான் குத்தகை நிலைக்கும் என்று நான் உடன்குடியிலிருந்து பனை மரத்துப் பதனி வரவழைத்தேன். ஓட்டைக்குப் பீர் கிளாஸ் இல்லாவிட்டால் என்ன, பதனி கிளாஸ் இருக்கட்டும். முதல் வாரம் ஒரே குறைதான் வந்தது: சுண்ணாம்பு வாடை. அதனால் பனையேறியிடம் சுண்ணாம்பைக் குறைத்துப் போடச் சொல்லிவிட்டேன். கலயத்தில் தடவுகிற சுண்ணாம்புதான் பதனியைப் புளிக்காமல் பிடித்து வைக்கிறது, அது குறைந்தால் பதனி கள்ளாகிவிடும் என்பது இந்தப் பக்கத்தில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் மைத்துனன் மிஷினைத் தடவும்போது தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது. போதாக்குறைக்கு, இடமில்லை என்று பதனிக் கேனை அந்தச் சூடான பாப்கார்ன் மிஷினுக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு அதிகாரி வந்தார். சட்டை மாறியிருந்தது, கூட மனைவி. நான் பாப்கார்ன் மிஷினுக்குப் பின்னால் பதுங்குவதைப் பார்த்து அவரே, "படம் பாக்க வந்தேன், வேற ஒண்ணுமில்ல" என்றார். ஆளுக்கொரு கிளாஸ் பதனி குடித்தார்கள். அந்த அம்மா, "நல்லா சுர்ருன்னு இருக்கே" என்று இன்னொன்றும் வாங்கி, உள்ளே கொண்டுபோய்ச் சரியாக அந்த ஓட்டையில் வைத்தார்.

சுர்ரென்று பதனி இருக்கக் கூடாது. அது என் மூளையில் ஏறியபோது படம் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரமாகியிருந்தது. கேனைத் திறந்தேன். மூடி கையை விட்டுத் துள்ளியது. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சந்தேகத்துக்கு இன்னொரு வாய். தியேட்டருக்குள் மது விற்க லைசென்ஸ் கேட்டு, இல்லை என்று சொன்ன அதே அதிகாரிக்கே லைசென்ஸ் இல்லாமல் விற்றிருக்கிறேன். இப்படி ஒரு சாதனையை யாரும் திட்டம் போட்டுச் செய்ய முடியாது.

கதவு இடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன். திரையில் கதாநாயகியின் அப்பா செத்துக்கொண்டிருந்தார். தியேட்டரே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்க, ஒரே ஒரு பெண்குரல் கலகலவென்று சிரித்தது. யாருடையது என்று பார்க்க எனக்குத் தெம்பில்லை.

டிக்கெட் கிழிப்பவர் வெற்றிலை போடுகிறவர். அவர் மடியிலிருந்த சுண்ணாம்பு டப்பாவைப் பிடுங்கி மொத்தத்தையும் கேனுக்குள் கொட்டிக் கலக்கினேன்.

"என்னவே செய்யுதீரு?"

"சுண்ணாம்பு கொறஞ்சுபோச்சு. சேக்கேன்."

"எழவு வீட்டுல வந்து தடுப்பூசி போடுதீரே" என்றார் அவர், டப்பா போன கவலையில்.

இடைவேளை மணி அடித்தது. முதல் ஆளாக அதிகாரி. "அதே பதனி, ரெண்டு."

"தீந்துட்டு சார்" என்றேன், கரண்டியால் கேனைக் கலக்கிக்கொண்டே.

அவர் கேனைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், தானே ஒரு கிளாஸை எடுத்து நீட்டினார். ஊற்றினேன். ஒரு மிடறுதான். முகம் கோணியது, நாக்கு வெளியே வந்தது. சுண்ணாம்பு தன் வேலையைச் செய்துவிட்டது, ஆனால் அவர் வாயில்.

"என்னவே இது, வாய் வெந்துபோச்சு. மொதல்ல குடுத்தது இப்படி இல்லியே?"

பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் வாய்தான் எனக்குச் சொந்தமில்லையே. உடன்குடி, சுண்ணாம்பு, பாப்கார்ன் சூடு, மைத்துனன், குத்தகை என்று அத்தனையையும் ஒப்பித்தேன்.

அவர் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "புளிச்சது எங்க ஆபீசு. வாய் வெந்தது உணவுப் பாதுகாப்பு ஆபீசு. எங்கன போறீருன்னு நீரே சொல்லும்."

அதற்குள் அவர் மனைவி வந்துவிட்டார். கன்னம் இரண்டும் சிவந்து நல்ல சந்தோஷத்தில் இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கேசு எழுதுங்க, வேண்டாங்கல. யாரெல்லாம் குடிச்சான்னு எழுதுவீங்கள்ல? எனக்கு ரெண்டு கிளாஸ்னு சரியா போடுங்க. ஒங்களுக்கு ஒண்ணுதான்" என்றார்.

அதிகாரி பேனாவை எடுத்தார், மறுபடியும் பையிலேயே செருகினார். பிறகு, "கேனைக் கொண்டுபோய்ச் சாக்கடையில ஊத்தும். எங்கண்ணு முன்னால ஊத்தணும்" என்றார்.

ஊற்றினேன். வாடை சுவரைத் தாண்டிப் பின்சந்து வரை போனது. அரசாங்கக் கடையிலிருந்து வந்துகொண்டிருந்த இரண்டு பேர் நின்று மோப்பம் பிடித்தார்கள். "ஏலே, உள்ளயே குடுக்காவோ போல. நாமதான் வீணா இங்கன வந்து வரிசையில நின்னுருக்கோம்."

முதலாளி பதறிக்கொண்டு ஓடிவந்தார். அவர் பின்னால் மைத்துனன், பதறாமல். "என்ன சார் பிரச்சனை?"

அதிகாரி மனைவியை ஒரு பார்வை பார்த்தார். "பிரச்சனை ஒண்ணுமில்ல. பதனி கெட்டுப்போச்சு, கொட்டுதாரு" என்றார்.

குத்தகை எனக்கே கிடைத்தது. கெட்ட சரக்கை விற்காமல் கொட்டுகிற யோக்கியனை வாழ்க்கையில் இப்போதுதான் பார்ப்பதாக முதலாளி எல்லாரிடமும் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். 'தரமற்ற பானங்கள் இங்கு விற்கப்படாது' என்று பெரிதாக எழுதி கேன்டீன் முன்னால் பலகையும் மாட்டிவிட்டார். ராத்திரி ஆட்டத்துக்கு வருகிறவர்கள் தடுமாறும்போது பிடித்துக்கொள்வது அந்தப் பலகையைத்தான்.