கானவாகே: முப்பது கிலோமீட்டர், பதினெட்டு வருடம்

2008 ஜூலையில் ஒரு ஞாயிறு காலை நானும் மனைவி ஜெசிந்தாவும் கானவாகேக்குப் போனோம். மொன்றியலுக்குத் தெற்கே, ஆற்றின் மறுகரையில் உள்ள மொஹாக் மக்களின் ஊர் அது. ஜூன் மாதம் பிரதமர் பாராளுமன்றத்தில் பூர்வகுடிகளிடம் மன்னிப்புக் கேட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அவர் கேட்டது, பெற்றோரிடமிருந்து பிரித்து வதிவிடப் பாடசாலைகளில் அடைத்த பிள்ளைகளுக்கு நடந்ததற்காக. எனக்குக் கேட்க வேறொன்று இருந்தது.

பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டிலிருந்து 7.40க்குக் காரை எடுத்தோம். நெடுஞ்சாலை 20இல் கிழக்கே போய், மெர்சியே பாலம் என்ற பலகையைக் கண்டதும் திரும்பவேண்டும். முப்பது கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். வேலை நாள் என்றால் ஒரு மணித்தியாலமும் ஆகலாம். பாலத்தில் கட்டணம் இல்லை.

பாலத்துக்கு இந்தப் பக்கம் லசால். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில், 1990இல், அங்கே ஒரு நிலக்கீழ் அறையில் இருந்தேன். அந்தக் கோடையில் ஓக்கா என்ற ஊரில் மொஹாக் மக்களின் இடுகாட்டை ஒட்டிய பைன் காட்டுக்குள் கோல்ஃப் மைதானத்தைப் பெருப்பிக்கப் பார்த்தார்கள். அதை எதிர்த்து அந்த மக்கள் வீதியை மறித்தபோது, கானவாகேக்காரர் அவர்களுக்கு ஆதரவாகப் பாலத்தை மறித்தார்கள். தினமும் சுற்றிப் போகவேண்டி வந்ததால் பாலத்துக்கு இந்தப் பக்கத்துச் சனம் கொதித்துப்போயிருந்தது. ஆகஸ்ட் கடைசியில், இராணுவம் வரப்போகிறது என்று முதியவர்களையும் பெண்களையும் பிள்ளைகளையும் கார்களில் ஊரைவிட்டு அனுப்பினார்கள். பாலம் முடியும் இடத்தில் ஒரு கூட்டம் கல்லோடு நின்றது. நானும் போய் நின்றேன்.

அன்று நடந்ததை ஜெசிந்தாவுக்குப் பாலத்தில் ஏறிய பிறகுதான் சொன்னேன். திருமணமாகிப் பதின்மூன்று வருடத்தில் முதல் தடவை.

"கல்லெறிஞ்சனீங்களோ?"

"இல்லை. கத்தினனான்."

"என்னெண்டு?"

"எல்லாரும் கத்தினதைத்தான். அப்ப எனக்குப் பிரெஞ்சு விளங்காது. காட்டுமிராண்டியள் எண்டது பேந்து வகுப்பிலைதான் தெரிஞ்சது. ஒரு காரிலை பின்சீற்றிலை ஒரு மனுசி கோட்டாலை முகத்தை மூடிக்கொண்டு இருந்தவ. அதைப் பாத்துக்கொண்டும் கத்தினனான்."

"ஆமிக்குப் பயந்து ஓடி வந்த ஆள் நீங்கள்."

வந்த நாள்முதல் அன்றுதான் எல்லோரோடும் ஒருவனாக நின்றேன், அது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது என்பதை எப்படிச் சொல்வது?

கானவாகேயில் ஞாயிறு காலைச் சாப்பாடு சோள ரொட்டி. சோள மாவோடு சிவப்புப் போஞ்சி விதை சேர்த்து, தட்டையாகப் பிடித்து, தண்ணீரில் அவிக்கிறார்கள். மேலே இறைச்சிக் குழம்பு. வீதியோர வீடொன்றின் முன்னால் கையால் எழுதிய பலகையைக் கண்டு நிறுத்தினேன். ஒன்று ஆறு டொலர். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வாசலில் மேசை போட்டு விற்றுக்கொண்டிருந்தார். இரண்டு வாங்கினேன். பின்னால் வேறு யாரும் இல்லை. ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் கையைத் துடைத்தார். "இதை ஏன் என்னிடம் சொல்கிறாய்?"

"வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வந்தேன்."

"நான் அன்றைக்கு இங்கேதான் இருந்தேன். அந்தக் கார்களில் ஒன்றில் என் மாமியார் போனார். உள்ளே இருக்கிறார். கேட்டுப் பார்க்கிறேன்."

ஐந்து நிமிடம் நின்றோம். ஜெசிந்தா ரொட்டிப் பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். யன்னல் திரை அசையவில்லை. அந்தப் பெண் திரும்பி வந்தார்.

"அன்றைக்கே போதுமான அளவு கேட்டுவிட்டாராம். உன் குரலை இன்னொரு தரம் கேட்க விருப்பமில்லையாம்."

சரி என்றேன். கடிதம் எழுதித் தரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். ஜெசிந்தா என் கையைப் பிடித்தாள். "காணும். வாங்கோ போவம்." அந்தப் பெண் அடுத்து வந்து நின்ற காருக்கு ரொட்டி எடுக்கத் திரும்பினார். கோபமாக இருக்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். எட்டரைக்குள் போய்விடுங்கள். காசுத்தாளாகக் கொண்டுபோங்கள், அட்டை எடுக்கமாட்டார்கள். அங்கே ஆங்கிலம் பேசுவார்கள். கேட்காமல் ஆட்களைப் படம் எடுக்காதீர்கள். சந்திக்குச் சந்தி மலிவுச் சிகரெட் கடைகள் இருக்கின்றன. நம்மில் பலர் அதோடு திரும்பிவிடுகிறோம். என்னைப்போல் ஏதாவது சொல்லப் போகிறவர்கள், கேட்க விரும்பாத உரிமையும் அவர்களுக்கு உண்டு என்பதை முதலே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது வீதியில் நின்றபோதுதான் விளங்கியது. ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. அதைத் தருவது அவர்கள் வேலையும் அல்ல.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, எங்கள் கத்தோலிக்கக் கோவில் மண்டபத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். பாலத்தில் திருத்தவேலை என்று ஒருவர் குறைப்பட்டார். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற மன்னார்க்காரர் ஒருவர், எங்கள் ஆட்கள் எப்போதும் சொல்லும் பழைய பகிடியை எடுத்தார். "தொண்ணூறிலை உவங்கள் பாலத்தைப் பூட்டி எங்களைச் சுத்த விட்டாங்கள் எல்லே!" எல்லோரும் சிரித்தார்கள். வழமையாக நானும் சிரிப்பேன்.

"அண்ணை, அவையின்ரை கிழடுகட்டையளுக்குக் கல்லெறியேக்கை நானும் அங்கை நிண்டு கத்தினனான்" என்றேன்.

யாரோ கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. மன்னார்க்காரர் கோப்பையை மேசையில் வைத்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"நானும் நிண்டனான், தம்பி."