இருட்டில் மாட்டும் விளக்கு

மிப்லாதன் சுரங்க ஊரில் குழி தோண்டுகிறவனுக்கு ஜோடி வேண்டும். ஒருவன் கயிற்றில் இறங்கிச் சிவப்புப் படிகம் உடைப்பான். இன்னொருவன் குழிவாயில் உட்கார்ந்து ராட்டினம் சுற்றுவான். ஜோடி இல்லாதவனை அங்கே யாரும் டீ குடிக்கக்கூடக் கூப்பிடுவதில்லை. பஸ்ஸுவுக்கு இப்போது ஜோடி இல்லை.

மீசை முளைத்த நாளிலிருந்து ஹத்துதான் அவனுக்கு ஜோடி. போன குளிர்காலத்தில், ஹத்து கீழே இருந்தபோது டார்ச் செத்துப்போனது. பஸ்ஸு தன் கையால் செய்து கொடுத்த டார்ச் அது. எல்இடியை டார்ச்சின் உடம்போடு சேர்த்துப் பற்றவைத்திருந்தான். சூடு ஏறிக் கருகிவிட்டது. வெகுநேரம் கும்மிருட்டில் கிடந்து மேலே வந்த ஹத்து, தூசியைக்கூடத் தட்டாமல் வீட்டுக்கு நடந்தான். அப்புறம் குழிப்பக்கம் வரவேயில்லை. மிதெல்த் ஊருக்குப் போகிற ரோட்டோரம் ஆப்பிள் விற்கிறான்.

குற்றம் விளக்கின்மேல்தான் என்று பஸ்ஸு முடிவு கட்டிவிட்டான். கழற்றி மாட்டுகிற விளக்காகச் செய்து கொடுத்தால் ஹத்து திரும்பி வருவான். அவ்வளவுதான் அவன் கணக்கு.

கடைசல் பட்டறை ஸல்லாமிடம் போய்ச் செம்புத் தண்டில் பில்லை பில்லையாக வெட்டி, ஓரத்தில் திருகு மரை போடச் சொன்னான். பில்லையின் முன்பக்கம் எல்இடி, பின்பக்கம் சின்ன மின்தகடு, நடுவில் ஸ்பிரிங். டார்ச்சின் உடம்புக்குப் பழைய மோட்டார் சைக்கிளில் முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் குழாய். வால்பக்கத்தில் உபரிப் பில்லை ஒன்றுக்கு இடம். முதல் பில்லையில் படிகத்தூள் புகுந்து மரை இறுகிக்கொண்டது. அடுத்ததை இருட்டில் தலைகீழாக மாட்டிவிட்டான். அதற்காகப் பின்பக்கத்தில் நகம் பதிகிற மாதிரி ஒரு வெட்டு வேண்டும் என்று திரும்ப வந்து நின்றான்.

"டார்ச் செய்யறியா, இல்ல கல்யாணப் பொண்ணுக்கு வளையல் செய்யறியாடா?" என்றான் ஸல்லாம்.

"ஹத்துவுக்கு."

ஸல்லாம் பில்லையை வாங்கி வெட்டுப் போட ஆரம்பித்தான்.

வீட்டில் பட்டப்பகலில் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பழகினான். பழையதைக் கழற்றி, வெட்டைத் தடவிப் பார்த்து, புதியதைத் திருகினான். கம்பளிக்குள் பளீரென்றது. "போட்டாச்சுடா!" என்று கத்தினான். கேட்க ஆளில்லை. அன்று ரொட்டியை அடுப்பில் சூடாக்கக்கூட மனசில்லாமல் அப்படியே தின்றான்.

மறுநாள் ஆப்பிள் கடையில், ஹத்து டார்ச்சை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டே கழற்றினான், மாட்டினான். எரிந்தது.

"நல்லாத்தான் செஞ்சிருக்க. தேள் கொட்டின கையாலகூட மாட்டலாம்."

பஸ்ஸுவுக்கு வயிறு குளிர்ந்தது. "அப்போ நாளைக்கு வர்றியா?"

"அன்னிக்கு விளக்கு போனதுக்கு நான் பயப்படலடா. கயித்த ரெண்டு தரம் இழுத்தேன். மேல இருந்து பதில் இழுப்பு வரல. தொண்டை கிழியக் கத்தினேன். எங்க போன?"

"ரோட்டுல கல்லு வாங்கறவங்க கார் ஒண்ணு நின்னுச்சு. நல்ல படிகமெல்லாம் காட்டிட்டு..."

"மூத்திரம் வந்தாக்கூட கயித்தக் கால்ல கட்டிக்கிட்டு அங்கயே போற ஜாதிடா நாம. நீ கயித்த விட்டுட்டு எழுந்து போன. மேல யாருமில்லன்னு தெரிஞ்சப்பதான் எனக்கு பயம் வந்துச்சு. அதுக்கு எந்த மரையில என்னத்த மாட்டுவ?"

இத்தனை நாள் செம்பைக் குடைந்துகொண்டிருந்ததற்குப் பதில் ஒரு தடவை இவன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம் என்று அப்போதுதான் பஸ்ஸுவுக்கு உறைத்தது.

"டார்ச்ச நீயே வெச்சுக்க" என்றான் ஹத்து. "வந்தது வந்துட்ட, ஆப்பிள் வாங்கிட்டுப் போ."

தராசில் ஒரு கிலோ வைத்தான். முள் நடுவில் நின்றதும் கையை எடுத்துவிட்டான். வெளியூர்க்காரர்களுக்குக்கூடக் கொசுறாக ஒன்று போடுகிறவன், அன்று போடவில்லை.